சுருங்கச் சொல்லலா, குன்றக் கூறலா? தொடக்கக்கால வீட்டுக்கணினிகளில் ஆர்கேட் விளையாட்டுப் பெயர்ப்புகளும் நினைவேக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

1980களில் பிரித்தானிய இல்லங்களில் புழங்கிய இசட்எக்ஸ்81, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஆகிய எளிய கணினிகளுக்காக ஆர்கேட் விளையாட்டுகள் மறுபடியும் எழுதப்பட்டன. மூல விளையாட்டுகளைப் பிழையின்றி இன்று விளையாட முடிந்த பின்னரும் அக்குறைபட்ட பெயர்ப்புகளின் மீதான ஏக்கம் தணியவில்லை. இவ்வேக்கத்தைத் திறனாய்வு எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா. மூலத்தோடுள்ள ஒப்புமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பெயர்ப்புகள் அனைத்தும் பயனற்றவை ஆகின்றன. நினைவேக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அனைத்தும் சமமாகச் சிறந்தவை ஆகின்றன. இவ்விரண்டுக்கும் மாற்றாக, தமிழ் நூன்மரபு தரும் முதல், வழி, சார்பு என்னும் பகுப்பையும், சுருங்கச் சொல்லல், குன்றக் கூறல் என்னும் வேறுபாட்டையும் கருவியாகக் கொண்டு மூன்று பெயர்ப்புகள் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆர்கேட் விளையாட்டு, வீட்டுக்கணினி, பெயர்ப்பு, நினைவேக்கம், வழிநூல், குறிப்பெச்சம், எண்ணிமப் பாதுகாப்பு.

1. முன்னுரை

ஒரு படைப்பின் குறைபட்ட படியை, நிறைவான மூலம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதும் ஒருவர் விரும்பி நாடுவாரெனில், அவ்விருப்பத்தை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிட இயலுமா? கணினி விளையாட்டு வரலாற்றில் இவ்வினா கூர்மையாக எழுகின்றது. 1997ஆம் ஆண்டு நிக்கோலா சால்மோரியா வெளியிட்ட ‘மேம்’ என்னும் எமுலேட்டர், ஆர்கேட் இயந்திரங்களின் செயற்பாட்டை மேசைக்கணினியில் அவ்வாறே நிகழ்த்திக் காட்டியது. அதன்பின், மூலத்தை விளையாட வழியில்லாத காலத்தில் அதற்கு ஈடாக விற்கப்பட்ட வீட்டுக்கணினிப் பெயர்ப்புகளுக்குத் தேவை அற்றுப்போயிருக்க வேண்டும். ஆனால் அவ்வாறு நேரவில்லை. அப்பெயர்ப்புகள் தொகுக்கப்படுகின்றன, பேசப்படுகின்றன, இன்றும் விளையாடப்படுகின்றன.

இதற்குப் பொதுவாகத் தரப்படும் விடை, அவற்றை விளையாடியோர் தம் இளமையை நினைந்து ஏங்குகின்றனர் என்பதாகும். இவ்விடை பிழையன்று; ஆயினும் போதியதன்று. இளமையே காரணமெனில், அக்காலத்தில் வெளிவந்த பெயர்ப்புகள் யாவும் ஒரே அளவில் நினைக்கப்பட வேண்டும். உண்மையில் சில பெயர்ப்புகள் போற்றப்படுகின்றன. சில ஏமாற்றத்தின் எடுத்துக்காட்டுகளாகவே நினைவில் நிற்கின்றன. ஏக்கம் தனக்குள்ளேயே ஒரு தெரிவைச் செய்கிறது. அத்தெரிவின் அடிப்படை யாது என்பதை வெளிக்கொணர்வது திறனாய்வின் பணியாகும்.

இவ்வினாவில் தலைமுறை சார்ந்த ஒரு நெருக்கடியும் உள்ளது. இக்கட்டுரையாளர் அக்கணினிகளின் காலத்திற்குப் பின் பிறந்தவர். அவற்றை எமுலேட்டர் வழியாகவே அறிந்தவர். பெயர்ப்புகளின் மதிப்பு முழுவதும் அவற்றை விளையாடியோரின் நினைவில்தான் உள்ளது எனில், அத்தலைமுறையோடு அம்மதிப்பும் மறையும். நினைவில்லாதவரும் கண்டறியத்தக்க மதிப்பு அவற்றில் உண்டு என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

2. கலைச்சொல் விளக்கம்

ஆர்கேட் விளையாட்டு என்பது பொது இடங்களில் காசிட்டு விளையாடும் பெட்டி இயந்திரத்திற்கென உருவாக்கப்பட்டது. அதனை வேறொரு கணினியில் இயங்குமாறு ஆக்குவதனை ஆங்கிலவழியில் ‘போர்ட்’ என்பர். இக்கட்டுரை அதனைப் பெயர்ப்பு எனக் குறிக்கின்றது. மொழிபெயர்ப்பில் உள்ள பெயர்ப்பே இது. ஓரிடத்தினின்று எடுத்து மற்றோரிடத்தில் வைத்தல் என்னும் பொருள் இரண்டுக்கும் பொது.

நினைவேக்கம் என்பதைக் குறிக்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல் 1688ஆம் ஆண்டு யோகான்னசு ஓஃபர் என்னும் மருத்துவ மாணவர் பாசெல் நகரில் அளித்த ஆய்வேட்டில் தோன்றியது. வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, தாயகம் பிரிந்தோர்க்கு உண்டாகும் நோயின் பெயராக அவர் அதனை ஆக்கினார். ஸ்வெட்லானா போய்ம் 2001இல் வெளியிட்ட நினைவேக்கம் பற்றிய நூலில் அதனை இருவகைப்படுத்துகிறார். இழந்த இல்லத்தை மீண்டும் கட்டியெழுப்ப முயல்வது ஒன்று. இழப்பின் வலியிலேயே தங்கி, காலத்தின் இடைவெளியை எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. முன்னதை மீட்பேக்கம் என்றும் பின்னதை உணர்வேக்கம் என்றும் இக்கட்டுரை வழங்குகின்றது.

3. இயந்திரத்தின் எல்லைகள்

பெயர்ப்பாளர் எதனை எதிர்கொண்டார் என்பதை அறியாமல் அவர் செய்ததை மதிப்பிட முடியாது. 1981ஆம் ஆண்டு மார்ச்சில் விற்பனைக்கு வந்த இசட்எக்ஸ்81, முழுமையாக இணைக்கப்பட்ட நிலையில் 69.95 பவுண்டு விலையுடையது. அதன் நினைவகம் 1 கிலோபைட்டு, அதாவது 1,024 பைட்டு. கணினி தன் சொந்தப் பயன்பாட்டுக்கு 125 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். 24 வரிகளும் வரிக்கு 32 எழுத்துகளும் கொண்ட முழுத்திரையைச் சேமிக்க 793 பைட்டுகள் வேண்டும். எஞ்சுவது ஏறத்தாழ 100 பைட்டு மட்டுமே. ஆகவே முழுத்திரையை நிரப்பினால் விளையாட்டை எழுத இடமில்லை. விளையாட்டை எழுதினால் திரையை நிரப்ப இயலாது. ஒலியும் இல்லை, நிறமும் இல்லை. படப்புள்ளிகளை ஒவ்வொன்றாக ஆளும் வசதியும் இயல்பாக இல்லாமையால், படையெடுத்து வரும் அயற்கோளினரை எழுத்துகளும் கட்டக்குறிகளுமே குறித்து நின்றன. 16 கிலோபைட்டுக் கூடுதல் நினைவகத்தைப் பின்புறம் செருகலாம். ஆனால் அச்செருகி சற்றே அசைந்தாலும் கணினி நின்றுபோகும். அன்றைய பயனர்களின் நினைவுகூரல்களில் இவ்வசைவு தவறாது இடம்பெறுகின்றது.

1982 ஏப்ரலில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் நிறத்தையும் ஒலியையும் கொண்டுவந்தது. 48 கிலோபைட்டு நினைவகமுடைய வகையின் விலை 175 பவுண்டு. அதன் திரை 256க்கு 192 படப்புள்ளிகளைக் கொண்டது. ஆனால் நிறங்கள் படப்புள்ளிக்குப் படப்புள்ளி வழங்கப்படவில்லை. எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திற்கும் எழுத்துநிறம் ஒன்று, பின்னணிநிறம் ஒன்று என இரண்டே நிறங்கள். இரு உருக்கள் ஒரே கட்டத்தில் நெருங்கும்போது ஒன்றின் நிறம் மற்றொன்றின் மேல் படியும். நிறமோதல் என வழங்கத்தக்க இக்குறையே அக்கணினியின் முகவரியாக ஆயிற்று.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. 1980இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பாக்-மேன் ஆர்கேட் இயந்திரத்தின் செயலி இசட்80 வகையினது. அதன் வேகம் 3.072 மெகாஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரமின் செயலியும் அதே வகையினது. அதன் வேகம் 3.5 மெகாஹெர்ட்ஸ். செயலியளவில் வீட்டுக்கணினி தாழ்ந்ததன்று. வேறுபாடு வரைகலைச் சுற்றமைப்பில் உள்ளது. ஆர்கேட் இயந்திரத்தில் நகரும் உருக்களைத் திரையிலிடும் வேலையைத் தனிச்சுற்றுகள் செய்தன. ஸ்பெக்ட்ரமில் அவ்வுதவி இல்லை. ஒவ்வொரு உருவையும் செயலியே அழித்து, செயலியே வரைய வேண்டும்.

அதன் சுமையைக் கணக்கிட்டுக் காட்டலாம். நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒரு சட்டகத்திற்குச் செயலிக்குக் கிடைப்பது 69,888 கடிகாரத் துடிப்புகள். திரையின் புள்ளிகளுக்குரிய நினைவகம் 6,144 பைட்டு. வழக்கமான தொகுதி நகர்த்தல் கட்டளை ஒரு பைட்டை இடம்மாற்ற 21 துடிப்புகளைச் செலவிடும். எனில் முழுத்திரையை ஒருமுறை நகர்த்த 1,29,024 துடிப்புகள், அதாவது ஏறத்தாழ இரண்டு சட்டகங்கள், வேண்டும். விளையாட்டின் விதிகள், மோதல் கணிப்பு, ஒலி ஆகியவற்றைத் தொடங்குமுன்பே காலம் தீர்ந்துவிடுகின்றது. நிரலாளர்கள் இதனினும் விரைவான உத்திகளைக் கண்டனர் என்பது உண்மை. ஆயினும் எதையேனும் விட்டே எதையேனும் பெற முடியும் என்னும் நிலை மாறவில்லை.

மூல விளையாட்டுகளும் எல்லையற்றவை அல்ல என்பதையும் மறத்தலாகாது. 1978இல் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில், பகைவர் எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து நகர்வர். வரைய வேண்டிய உருக்கள் குறைந்ததால் இயந்திரம் இயல்பாகவே பெற்ற விரைவு அது. நீக்கப்படாமல் விளையாட்டின் உயிர்ப்பண்பாகவே ஏற்கப்பட்டது. எனவே தூய மூலம், சிதைந்த படி என்னும் எதிர்நிலை முழுமையாகப் பொருந்துவதன்று. இரண்டும் இயந்திரத்தோடு செய்துகொண்ட உடன்பாடுகளே.

4. நூன்மரபு தரும் அளவுகோல்

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல், வழி என வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகின்றது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகின்றது. அதன் விளக்கப்படி, வழிநூல் முதனூலின் முடிவோடு ஒத்து, பின்வந்தோன் வேண்டும் வேறுபாட்டையும் உடையது. சார்புநூல் சிறிது ஒத்துப் பெரிதும் திரிந்தது. இவ்விலக்கணங்கள் கணினி விளையாட்டுக்காகக் கூறப்பட்டவை அல்ல. ஆயினும் ஒரு படைப்பு மற்றொன்றினின்று பிறக்கும் முறை பற்றித் தமிழ்மரபு வகுத்த நுண்ணிய பகுப்பு என்னும் வகையில் இங்குக் கருவியாகப் பயன்படுகின்றன.

உரிமம் பெற்று, மூலத்தின் பெயரோடு வந்த பெயர்ப்புகளை வழிநூலோடு ஒப்பிடலாம். உரிமம் இன்றி, பெயரும் உருவும் மாற்றிச் செய்யப்பட்டவை சார்புநூலை ஒத்தவை. பிபிசி மைக்ரோ கணினிக்காக ஏக்கார்ன்சாஃப்ட் 1982இல் வெளியிட்ட ஸ்னாப்பர் இதற்குச் சான்றாகும். பாக்-மேனைப் பெரிதும் ஒத்திருந்தமையால், அடுத்த வெளியீட்டில் அதன் பாத்திரங்களின் தோற்றம் மாற்றப்பட்டது. அதே நிறுவனத்தின் பிளானட்டாய்டு, டிஃபெண்டர் என்னும் ஆர்கேட் விளையாட்டைத் தழுவியது. வழிநூல் சார்புநூலாக மாறும் எல்லைக்கோடு சட்டத்தால் இங்கு வரையப்பட்டது.

வழிநூலை மதிப்பிடும்போது தமிழ்த் திறனாய்வு ஒப்புமையோடு நின்றுவிடுவதில்லை. வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்தமை குறையாகக் கொள்ளப்படவில்லை. ஏன் சேர்த்தார், அது காப்பியத்திற்கு என்ன செய்தது என்றே வினவப்படுகின்றது. இது தரத்தின் ஒப்பீடன்று. வினவும் முறையின் ஒப்பீடு.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். பத்து அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். இரண்டிலும் சொற்கள் குறைவே. சொல்ல வேண்டியது விடுபட்டால் அது குன்றக் கூறல். சொல்ல வேண்டியது நின்று பிற விடுபட்டால் அது சுருங்கச் சொல்லல். வீட்டுக்கணினிப் பெயர்ப்பு எதுவும் மூலத்தினும் குறைந்ததே. ஆகவே எவ்வளவு குறைந்தது என்பது பயனற்ற கேள்வி. குறைத்தபின் நின்றது எது என்பதே கேட்கத்தக்கது. இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று பெயர்ப்புகளை நோக்கலாம்.

5. மூன்று பெயர்ப்புகள்

5.1 அவுட் ரன்

செகா நிறுவனத்திற்காக யூ சுசுகி 1986இல் உருவாக்கிய அவுட் ரன், கார் ஓட்டும் விளையாட்டு. சாலையோர மரங்களும் பலகைகளும் தொலைவிலிருந்து பெருகி வந்து விலகிச் செல்லும் விரைவே அதன் உயிர். பெட்டியின் பெரிய வகையில் இருக்கையும் அசையும். ஓட்டுவதற்கு முன் வானொலியில் பாட்டைத் தேர்வதும், சாலை பிரியுமிடத்தில் வழியைத் தேர்வதும் விளையாட்டின் பகுதிகள். பந்தயத்தைவிடப் பயணமே அதன் பொருள்.

1987இல் யு.எஸ். கோல்டு வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் பெயர்ப்பு, காரின் உருவையும் பிரியும் சாலைகளையும் காத்தது, விரைவை இழந்தது. காட்சி தட்டுத்தடுமாறி நகர்கின்றது. மூலத்தின் உறுப்புகள் பல இருந்தும், அவ்வுறுப்புகள் எதன்பொருட்டு இருந்தனவோ அது இல்லை. இது குன்றக் கூறல் என்றே மதிப்பிடத்தக்கது.

ஆயினும் இப்பெயர்ப்பின் பெட்டியில் இருந்த ஒன்று நம் வினாவுக்கு மிகுதியும் உதவுகின்றது. விளையாட்டு நாடாவோடு, ஆர்கேட் மூலத்தின் இசையைக் கொண்ட ஒலிநாடா ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. கணினியால் தர இயலாததை வேறொரு கருவியில் கேட்டு, விளையாடுவோரே இரண்டையும் மனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயர்ப்பு தன் குறையைத் தானே அறிவித்து, அதனை நிறைக்கும் பொறுப்பை நுகர்வோரிடம் ஒப்படைத்த அரிய நிகழ்வு இது.

5.2 சேஸ் எச்.க்யூ.

டைட்டோ நிறுவனம் 1988இல் வெளியிட்ட சேஸ் எச்.க்யூ. விளையாட்டும் கார் ஓட்டுவதே. ஆனால் பொருள் வேறு. காவலர் இருவர் குற்றவாளியின் காரைக் குறித்த காலத்திற்குள் எட்டிப் பிடித்து, இடித்து நிறுத்த வேண்டும். தலைமையகத்திலிருந்து நான்சி என்னும் பெண் செய்தி தருவார்.

1989இல் ஓஷன் நிறுவனத்திற்காக ஜான் ஓபிரையன் எழுதிய ஸ்பெக்ட்ரம் பெயர்ப்பில் சாலைக்காட்சி ஒற்றைப் பின்னணி நிறத்தின்மேல் கறுப்பால் வரையப்பட்டது. நிறம் முற்றாகத் துறக்கப்பட்டது. அத்துறவினால் நிறமோதல் எழ வாய்ப்பில்லை. கட்டங்களின் நிறங்களைச் சட்டகந்தோறும் மாற்றும் வேலையும் இல்லை. அவ்வாறு மிச்சமான காலம் விரைவுக்கு ஆயிற்று. மேடும் பள்ளமும் வளைவும் கொண்ட சாலையில் கார் தடையின்றிப் பாய்கின்றது. எட்டிப் பிடித்தலின் பதற்றம் இதில் உள்ளது. இடித்தலின் அதிர்வும் உள்ளது. மூலத்தின் வண்ணம் ஏதும் இல்லாமலே மூலத்தின் பொருள் நிற்கின்றது. சுருங்கச் சொல்லலுக்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

முற்கூறிய அவுட் ரன் பெயர்ப்போடு இதனை ஒப்பிடுவது பயன் தரும். இரண்டும் ஒரே கணினிக்குரியவை. இரண்டும் சாலையில் ஓடும் கார்களைப் பற்றியவை. இயந்திரத்தின் எல்லை ஒன்றே ஆதலின் வேறுபாட்டுக்கு இயந்திரம் காரணமாகாது. மூலத்தை அவரவர் படித்த முறையே வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் என்பது பெறப்படுகின்றது.

5.3 ஆர்-டைப்

ஐரெம் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஆர்-டைப், விண்கலப் போர் விளையாட்டு. அதன் திரை 384க்கு 256 படப்புள்ளிகள் கொண்டது. ஸ்பெக்ட்ரம் திரையின் புள்ளிகளைப்போல் இருமடங்கு. கலத்தின் முன்னோ பின்னோ பூட்டவும் கழற்றி அனுப்பவும் கூடிய ஓர் உருண்டைக் கருவியே அவ்விளையாட்டின் தனித்தன்மை.

1988இல் பாப் பேப் எழுதிய ஸ்பெக்ட்ரம் பெயர்ப்பு, சேஸ் எச்.க்யூ. சென்ற வழிக்கு எதிர்வழியில் சென்றது. நிறத்தைத் துறக்காமல் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தியது. விண்வெளி கறுப்பு, ஆகவே பெரும்பாலான கட்டங்களின் பின்னணிநிறமும் கறுப்பே. மோதல் எழுத்துநிறத்தோடு நின்றுவிடுவதால் கண்ணை உறுத்துவது குறைகின்றது. மூலத்தின் கதைக்களமே பெயர்ப்பின் சிக்கலுக்கு விடையாக ஆக்கப்பட்டது. உருண்டைக் கருவியின் பூட்டுதலும் கழற்றலும், ஆற்றலைத் திரட்டி எய்தலும் காக்கப்பட்டன. 48 கிலோபைட்டில் எல்லாம் அடங்காமையால் விளையாட்டு, நிலை நிலையாக ஒலிநாடாவிலிருந்து ஏற்றப்பட்டது. இது அதன் விலை.

பேப் பின்னாளில் இப்பெயர்ப்பு உருவான வரலாற்றை ‘இட்ஸ் பிஹைண்ட் யூ’ என்னும் நூலாக எழுதி இலவச மின்னூலாக வழங்கினார். பெயர்ப்பாளர் ஒருவர் தம் தெரிவுகளைத் தாமே விளக்கிய ஆவணம் என்னும் வகையில் அது ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்றாகின்றது. அக்காலப் பெயர்ப்பாளர் பெரும்பாலும் மூலத்தின் நிரலைப் பெற்றவர் அல்லர். இயந்திரத்தை விளையாடிப் பார்த்து, கண்டதைக் கொண்டு எழுதியவர். மூலமொழி அறியாமல், நிகழ்த்தப்பட்டதைக் கண்டு செய்த மொழிபெயர்ப்பு என இதனைக் கூறலாம். ஆகவே ஒவ்வொரு பெயர்ப்பும் மூலத்தைப் பற்றிய ஒரு வாசிப்பாகவும் அமைகின்றது.

6. குறிப்பெச்சமும் விளையாடுவோரும்

தொல்காப்பியம் கூறும் எச்சங்கள் பத்தனுள் ஒன்று குறிப்பெச்சம். சொல்லில் வெளிப்படாத பொருளைக் கேட்போர் குறிப்பால் உணர்ந்து நிறைத்துக்கொள்வர். பெயர்ப்பை விளையாடியவரின் அனுபவம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒற்றை நிறச் சாலையைக் கண்டவர், ஆர்கேட் கூடத்தில் கண்ட நீலவானத்தை அதில் நிறைத்தார். ஒலியற்ற இசட்எக்ஸ்81இல் எழுத்துகள் கீழிறங்கியபோது, படையெடுப்பின் ஒலியைத் தாமே உணர்ந்தார். ஆர்கேட் கூடத்திற்குச் செல்ல வாய்ப்பற்றவரோ பெட்டியின் மேலட்டை ஓவியத்தைக் கொண்டு நிறைத்தார்.

நினைவேக்கத்தின் மெய்ப்பொருள் இங்கே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஏங்கப்படுவது திரையில் தெரிந்த படப்புள்ளிகள் மட்டும் அல்ல. மூலத்துக்கும் படிக்கும் இடையிலிருந்த வெளியில் விளையாடுவோர் செய்த வேலை. நிறைவான படி அவ்வேலையைக் கோருவதில்லை. எனவேதான் பிழையற்ற மூலம் கிடைத்தபின்னும் பெயர்ப்பின் இடம் நிரம்பாமல் உள்ளது.

ஆனால் எச்சம் எனப்படுவது எச்சமாகவே அமைய வேண்டும். எதை நிறைப்பது என்பதைச் சொல்லே சுட்ட வேண்டும். சேஸ் எச்.க்யூ. பெயர்ப்பில் விரைவு உள்ளது. அது நிறத்தை அழைக்கின்றது. அவுட் ரன் பெயர்ப்பில் உறுப்புகள் உள. அவை விரைவை அழைக்கும் ஆற்றலற்றவை. முன்னது குறிப்பெச்சம், பின்னது வெற்றிடம். பயனர்களின் நினைவு இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வைத்துள்ளது. கலைச்சொல் இன்றியே அவர்கள் செய்த திறனாய்வு அது.

7. நினைவேக்கம் மறைப்பவை

இத்துணையும் கூறியதனால் ஏக்கத்தை முழுமையாக நம்பலாம் என்பது பொருளன்று. குறைபாடுகள் எல்லாம் கற்பனையை வளர்த்தன என்று கூறுவது, அன்றைய வணிகத்தை எளிதில் விடுவித்துவிடும். விளம்பரங்களிலும் பெட்டிகளிலும் ஆர்கேட் மூலத்தின் படங்களோ மேம்பட்ட வேறு கணினிகளின் படங்களோ அச்சிடப்படுவது வழக்கமாயிருந்தது. சிறார் சேமித்த பணத்தில் வாங்கிய நாடாவில் இருந்தது வேறு. புகழ்பெற்ற பெயர் ஒன்றே விற்பனைக்குப் போதும் என்ற நிலையில், பெயர்ப்பின் தரத்தைப் பேண வணிகர்க்குத் தூண்டுதல் குறைவாயிருந்தது. நிரலாளர்க்குத் தரப்பட்ட காலக்கெடுவும் பெரும்பாலும் கிறித்துமசு விற்பனையை நோக்கிய சில திங்களே.

மீட்பேக்கம் இவற்றை மறைக்கின்றது. பழைய விளையாட்டுகள் எளியவை, தூயவை என்னும் கற்பிதத்தைக் கட்டியெழுப்புகின்றது. உணர்வேக்கமோ ஏமாற்றத்தையும் நினைவின் பகுதியாகவே வைத்துக்கொள்கின்றது. மேலட்டைக்கும் திரைக்கும் இருந்த இடைவெளியைச் சிரிப்போடும் சிறிது வலியோடும் எண்ணிப் பார்க்கின்றது. திறனாய்வுக்குத் துணையாவது பின்னதே.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். நினைவற்ற தலைமுறையினர் எச்சத்தை எதைக்கொண்டு நிறைப்பர்? மூலத்தை முன்னரே அறிந்தவர்க்கன்றோ குறிப்பு விளங்கும்? இம்மறுப்பு ஓரளவே பொருந்தும். மூலமும் பெயர்ப்பும் ஒரே திரையில் கிடைக்கும் இன்று, இரண்டையும் அடுத்தடுத்து விளையாடுபவர் இடைவெளியை முன்னைத் தலைமுறையினும் துல்லியமாகக் காண்கிறார். அவருக்குக் கிடைப்பது ஏக்கம் அன்று. நிரலாளர் எதை விட்டார், எதைக் காத்தார் என்னும் அறிவு. வழிநூலை முதனூலோடு ஒருங்கே வைத்துப் பயிலும் மாணவர் பெறும் இன்பத்தோடு இதனை ஒப்பிடலாம்.

8. பாதுகாப்புச் சிக்கல்

இம்மதிப்பீட்டுக்கு நடைமுறை விளைவு ஒன்றுண்டு. ஒப்புமையே அளவுகோல் எனில், மூலத்தைக் காத்தால் போதும்; பெயர்ப்புகளைக் காக்க வேண்டியதில்லை. முறையான மறுவெளியீடுகளிலும் பெயர்ப்புகளின் நிலை இடர்ப்பாடானது. மூலத்தின் உரிமை ஒருவரிடமும், பெயர்ப்பு வெளியீட்டு உரிமம் மற்றொருவரிடமும், நிரல் எழுதியவர் வேறிடத்திலும் இருப்பர், உரிமக்காலம் முடிந்திருக்கும், நிறுவனங்கள் கலைந்திருக்கும். ஆகவே மூலம் புதிய இயந்திரங்களில் மீண்டும் மீண்டும் வெளிவர, பெயர்ப்புகள் ஆர்வலர் தொகுப்புகளையே நம்பியுள்ளன. 1995இல் தொடங்கப்பட்ட ‘வேர்ல்டு ஆஃப் ஸ்பெக்ட்ரம்’ தொகுப்பகம் இத்தகைய உழைப்புக்குச் சான்றாகும். காந்த ஒலிநாடா காலத்தால் நலிவது; அதிலிருந்து நிரலை மீட்டெடுத்தவர்கள் நினைவேக்கத்தால் உந்தப்பட்டவர்களே. ஏக்கம் திறனாய்வுக்குப் போதிய அளவுகோல் அன்று எனினும், திறனாய்வுக்குரிய பொருளைக் காத்துத் தந்தது அதுவே.

ஆனால் ஏக்கம் தெரிவு செய்வது என்று முன்னரே கண்டோம். அது விரும்பியதைக் காக்கும்; வெறுத்ததை நகைப்புக்காகக் காக்கும்; இடைப்பட்டதை மறக்கும். தேர்ச்சியும் தோல்வியும் இன்றி வந்துபோன பெரும்பான்மைப் பெயர்ப்புகளே அக்காலத் தொழில்முறையின் இயல்பைக் காட்டுவன. அவற்றைக் காப்பதற்கு ஏக்கம் போதாது. நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் வேண்டும்.

9. முடிவுரை

தொடக்கக்கால வீட்டுக்கணினிகளின் ஆர்கேட் பெயர்ப்புகளை மூலத்தின் சிதைவுகளாகக் காண்பது வரலாற்றுப் பிழை. இளமையின் நினைவுச்சின்னங்களாக மட்டும் காண்பது திறனாய்வுப் பிழை. அவை கடுமையான எல்லைக்குள் செய்யப்பட்ட வாசிப்புகள். அவ்வாசிப்பு மூலத்தின் உயிரைக் கண்டு அதனைக் காத்தபோது சுருங்கச் சொல்லல் ஆயிற்று; மூலத்தின் உறுப்புகளை மட்டும் எண்ணியபோது குன்றக் கூறல் ஆயிற்று. சேஸ் எச்.க்யூ., ஆர்-டைப் ஆகியன முன்னதற்கும், அவுட் ரன் பின்னதற்கும் சான்றுகளாயின.

விளையாடியோரின் ஏக்கம் இவ்வேறுபாட்டை முன்பே உணர்ந்திருந்தது, காரணம் கூறவில்லை. காரணம் கூறுவது அடுத்த தலைமுறை ஆய்வாளரின் கடமை. நினைவுடையோர் மறைந்தபின் அப்பெயர்ப்புகளைப் பற்றிச் சொல்ல எஞ்சியிருக்கப்போவது இக்காரணங்களே. பிபிசி மைக்ரோ, கமோடோர் 64, ஆம்ஸ்டிராடு ஆகிய கணினிகளில் ஒரே மூலத்தின் வெவ்வேறு பெயர்ப்புகளை ஒருங்கு வைத்து ஒப்பிடும் ஆய்வு இனி மேற்கொள்ளத்தக்கது. ஒரு முதனூலின் பல வழிநூல்களை ஒப்பிட்டுப் பழகிய தமிழ் ஆய்வாளர்க்கு அம்முறை புதியதன்று.